வேறெங்கோ அசையும் கொக்கி

மாப்பிள்ளை என்றால் மாமியார் வீட்டில் தனி மரியாதை உண்டு என்பார்கள். இந்த மாப்பிள்ளைக்கும் உண்டு. சாப்பாட்டு மேசையில் முதல் தட்டு அவனுக்குத்தான். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியும் அவனுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் பந்தயம் ஆட ஆளுக்கொரு கேம் மெஷினைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் அந்த மரியாதை வாசலில் செருப்போடு செருப்பாகக் கிடக்கும்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை," என்பார் அத்தை. "என் கார் வந்து சேர்ந்து எஞ்சினே ஆறிப்போச்சு. உங்க கார் எங்க இருக்கு?"

அவன் கார் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும்.

அத்தை கிரேன் ஓட்டுபவர். இரும்புக் கிடங்கில் உத்தரங்களைத் தூக்கி லாரியில் வைக்கும் வேலை. முன்பு உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டினார். இப்போது தரையில் நின்றபடி, இடுப்பில் பெல்ட் போட்டுக் கட்டிய ரிமோட் பெட்டியால் ஓட்டுகிறார். கிடங்கில் அவருக்குக் கொக்கியக்கா என்று பெயர். அவர் இறக்கிவைக்கும் உத்தரம், வந்து உட்கார்ந்தது லாரிக்கே தெரியாமல் உட்காரும் என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். லாரிக்காரர்கள் யாரையும் சும்மா புகழ்கிறவர்கள் இல்லை.

அப்படிப்பட்ட கைக்கு ஒரே ஒரு குறை. எப்போதோ கூண்டின் கதவில் நசுங்கிய வலது கட்டைவிரல் முழுதாக மடங்காது. கேம் மெஷினிலேயே பொத்தான்களும், காரைத் திருப்பும் குச்சிகளும் உண்டு. ஆனால் அவை சின்னப் பிள்ளைகளின் விரலுக்குச் செய்தவை, அவற்றில் அத்தைக்கு ஒரு திருப்பம் திரும்புவதே பெரும்பாடு. அங்கேதான் மாப்பிள்ளை உள்ளே வருகிறான்.

அவன் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். 'எல்லாம் சரிசெய்து தரப்படும்' என்று பலகை. 'வீட்டுப் பொருள் நீங்கலாக' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவன் மனைவி கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் அப்படிச் சொல்ல நியாயம் இருக்கிறது. அவன் சரிசெய்த மிக்ஸி இன்றைக்கும் தானாக ஓட ஆரம்பிக்கும், நிறுத்த ஆள் வேண்டும்.

ஆனால் இந்த ஒரு வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான். ஒயர் இல்லாத பெரிய கண்ட்ரோலர் ஒன்றை வாங்கி, குச்சியைக் கழற்றி, உயரமான குமிழ் ஒன்றைக் கடைந்து பொருத்தினான். கட்டைவிரலால் தள்ள வேண்டாம், உள்ளங்கையால் சாய்த்தால் போதும். பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தினமும் அத்தை ஓட்டிப்பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் இளக்கமா வேணும் மாப்பிள்ளை." இளக்குவான். "இல்ல, இப்ப தண்ணி மாதிரி ஓடுது, கொஞ்சம் பிடிமானம் வேணும்." பிடிமானம் கொடுப்பான். எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று இருவருமாகச் சமைத்த அந்தப் பக்குவம் முழுதும் கண்ட்ரோலரின் நினைவில் பதிவாகி இருந்தது. எங்கேயாவது குறித்துவைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தன் மூளைமேல் அபார நம்பிக்கை. அதற்கு ஆதாரம் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கண்ட்ரோலரோடு அத்தை போன வாரம் கேம் கடைக்காரர் நடத்திய பந்தயத்தில் பேர் கொடுத்தார். 'கொக்கி' என்ற பெயரில். தன் வயதில் பாதிகூட இல்லாதவர்களை வரிசையாகப் பின்னால் தள்ளிவிட்டு இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்.

இறுதிச் சுற்று நூலகத்து மாடிக் கூடத்தில். எதிரே நடப்பு சாம்பியன், ஒரு பல் டாக்டரம்மா. விரல் வேகத்துக்காக 'மின்னல்' என்று பட்டம் வாங்கியவர். கை கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டு சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. வலிக்காம முடிச்சுடறேன்."

"முடிங்க டாக்டர்," என்றார் அத்தை. "நான் வாயைத் திறந்தே வெச்சிருக்கேன்."

கூடம் சிரித்தது. கிடங்கிலிருந்து வந்திருந்த கூட்டம் பின்வரிசையில் நின்று "கொக்கி! கொக்கி!" என்று கத்தியது. மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரரிடம், அவர் கேட்காமலேயே, "எங்க அத்தை" என்றான். "அந்தக் குமிழ் நான் போட்டது" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அத்தை மெஷினை மேசையில் நிறுத்தி, கண்ட்ரோலரின் நடுப்பொத்தானை அழுத்தினார். விளக்கு மினுக்கியது. பிறகு நிலையாக எரிந்தது. திரையில் மட்டும் ஒரு வாசகம்: 'கண்ட்ரோலர் இணைக்கப்படவில்லை.'

மறுபடி அழுத்தினார். மறுபடி மினுக்கல், மறுபடி நிலையான விளக்கு, மறுபடி அதே வாசகம்.

"மாப்பிள்ளை," என்று அத்தை திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டார். "கொஞ்சம் வாங்க."

அவன் தோள்பையை மாட்டிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வார்டுக்குள் நுழைவதுபோல நடந்து வந்தான்.

நடுவர் கேம் கடைக்காரரேதான். கழுத்தில் விசில், கையில் காபிக் குவளை. விதி என்றால் விதி என்கிற மனிதர். "இந்தக் காபி முடியறதுக்குள்ள ரெண்டும் சேரணும்," என்றார். "இல்லன்னா ஆட்டம் டாக்டரம்மாவுக்கு. விதி நான் எழுதினது இல்ல." பிறகு யோசித்து, "நான்தான் எழுதினேன். ஆனாலும் விதி விதிதான்" என்றார்.

மாப்பிள்ளை வேலையில் இறங்கினான். முதலில் சார்ஜ். நிறைய இருந்தது. அத்தையின் மெஷினில் ப்ளூடூத்தை அணைத்துப் போட்டான். மெஷினையே அணைத்துப் போட்டான். மேசை இரும்பு மேசை, அலையைத் தின்னும் என்று சொல்லி மெஷினை ஒரு மர நாற்காலிக்கு மாற்றினான். கூடத்தில் இத்தனை செல்போன் இருந்தால் எப்படி என்று எல்லோரையும் அணைக்கச் சொன்னான். பாதிப்பேர் அணைத்தார்கள். மீதிப்பேர் அணைத்ததாகச் சொன்னார்கள். மூலையில் பாப்கார்ன் பொரித்துக்கொண்டிருந்த மைக்ரோவேவ் கண்ணில் பட்டது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான்.

"யோவ், பாதிதான்யா பொரிஞ்சிருக்கு!" என்றார் பாப்கார்ன்காரர்.

"மைக்ரோவேவும் ப்ளூடூத்தும் ஒரே அலை அண்ணே. ரெண்டும் ஒரே சந்துல மோதிக்கும்."

"எனக்கும் உனக்கும் மோதிக்கப் போவுது பாரு."

ஒன்றும் பலிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் விளக்கு மினுக்கி, நிலைத்து, திரை கையை விரித்தது. ஒவ்வொரு முறையும் அவன் தோள்பையில் லேசாக ஓர் அதிர்வு. பயத்தில் தனக்குத்தான் உடம்பு உதறுகிறது என்று நினைத்துக்கொண்டான். அவ்வளவு நேர்மையாகத் தன் பயத்தை ஒப்புக்கொள்ளும் ஆள் அவன்.

நடுவர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பின்னாடி ஓட்டையில ஊசியால ஒரு குத்து. ரீசெட். எல்லாம் புதுசாயிடும், அப்புறம் முதல்லேருந்து இணைச்சுடு. ஒரு நிமிஷ வேலை."

"குத்த முடியாது சார்."

"ஏன்?"

"எல்லாம் புதுசாயிடும். அதான் சார் பிரச்சினை."

குத்தினால் அந்த இளக்கம், அந்தப் பிடிமானம், அத்தனை சாயங்காலமும் போய்விடும். வெறும் கண்ட்ரோலராக ஆகிவிடும். வெறும் கண்ட்ரோலரில் அத்தை ஓட்டினால் முதல் வளைவிலேயே சுவரில் சாய்வார். இணைந்தாலும் தோல்வி, இணையாவிட்டாலும் தோல்வி. அவன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊசி போட வந்து நோயாளியைக் காணாத நர்ஸ் மாதிரி நின்றான்.

முன்வரிசையிலிருந்து அவன் மனைவி எழுந்து வந்தாள். "என்னங்க, உங்க மெஷின் பையிலதானே இருக்கு? அதுல சேருதான்னு பாருங்களேன். குறை அம்மா மெஷின்லயா, கண்ட்ரோலர்லயான்னாவது தெரியும்."

நல்ல யோசனை. அவனுடைய கடையில் யாராவது வந்து சொல்லியிருந்தால் காபி வாங்கிக் கொடுத்திருப்பான். இங்கே வியர்த்தது.

"அதுல... சார்ஜ் இல்ல."

"காலையில முழுக்க ஏத்தினீங்களே?"

"ஏத்தினேன். இறங்கிடுச்சு."

சார்ஜ் இருந்தது. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் அந்த மெஷினில் இருந்தது. நேற்று அத்தை வேலையிலிருந்து வருவதற்குள் அவன் இந்தக் கண்ட்ரோலரைத் திருட்டுத்தனமாக எடுத்துத் தன் மெஷினோடு இணைத்து ஓட்டிப்பார்த்தான். மாமியார் ஜெயிப்பது கையாலா குமிழாலா என்று ஒரு சந்தேகம். குமிழாலென்றால் மனசு கொஞ்சம் ஆறும். ஓட்டியதில் கார் வழக்கத்தைவிட அதிகமாகச் சுவரோடு உறவு கொண்டாடியது. கையால்தான் என்று உறுதியானது. அது போகட்டும். அதற்காக அவன் ஒரு புதுப் பெயரில் கணக்குத் தொடங்கியிருந்தான். அந்தப் பெயரை யாரும் பார்க்கக்கூடாது. அதனால்தான் மெஷினைத் தூங்கப் போட்டு, பையின் அடியில், துண்டுக்குக் கீழே வைத்திருந்தான். தூங்குகிற மெஷின் யாருக்கு என்ன கெடுதல் செய்யும் என்பது அவன் எண்ணம். செல்போன் பழுதுபார்க்கிறவனுக்கு வரக்கூடாத எண்ணம்.

காபி பாதிக்குக் கீழே போயிருந்தது. இந்த நேரமெல்லாம் அத்தை கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிலையான விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த விளக்கு நிலையா எரிஞ்சா என்ன அர்த்தம்?"

"இணைஞ்சிருக்குன்னு அர்த்தம் அத்தை."

"அப்ப இணைஞ்சிருக்கு."

"இல்ல அத்தை, திரையில பாருங்க, இணையலைன்னு..."

"நம்மகூட இணையல. அதைத்தான் சொல்லுது." அத்தை எழுந்தார். "எங்க கிடங்குல பக்கத்துப் பக்கத்துல கிரேன் நிக்கும். இடுப்புல இருக்கற ரிமோட்டை அழுத்தறோம், பச்சை விளக்கு எரியுது, நம்ம கொக்கி அசையல. அப்ப என்ன பண்ணுவோம் தெரியுமா? மறுபடி அழுத்த மாட்டோம். கையை எடுத்துட்டு, எல்லாரும் நில்லுங்கன்னு ஒரு சத்தம் போடுவோம். ஏன்னா நம்ம கொக்கி அசையலன்னா, வேற எங்கயோ வேற ஒரு கொக்கி அசையுது. அதுக்குக் கீழ யார் நிக்கறாங்களோ."

சொல்லிவிட்டு, கிடங்கில் போடும் அதே சத்தத்தைப் போட்டார்: "எல்லாரும் அப்படியே நில்லுங்க!"

நூலகத்தில் அப்படி ஓர் அமைதி அதற்குமுன் இருந்ததில்லை என்று நூலகர் பிற்பாடு சொன்னார். பாப்கார்ன்காரர் வாயில் போட்டதை மெல்லாமல் நின்றார்.

மாப்பிள்ளைக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மாதிரிக் கண்ட்ரோலர் இரண்டு மெஷின்களை நினைவில் வைத்திருக்கும். அழுத்தினால், கடைசியாகக் கூடியது எதுவோ அதைத்தான் முதலில் தேடிப்போகும். அது தூங்கினாலும் தட்டி எழுப்பும். கடைசியாகக் கூடியது நேற்று, அவன் மெஷினோடு. அதற்குப் பிறகு அத்தை அதைத் தொடவே இல்லை. அதிர்ந்தது அவன் உடம்பு இல்லை, பை.

அவன் முன்னால் கதவு இருந்தது. 'ஒரு நிமிஷம், பாத்ரூம்' என்று சொல்லிவிட்டுப் பையோடு கீழே இறங்கிப்போய் மெஷினை அணைத்துவிட்டு வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. கண்ட்ரோலர் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். எல்லோரும் அதிசயம் என்பார்கள். அவன் குவளையைப் பார்த்தான். நடுவர் கடைசி மிடறுக்கு அண்ணாந்திருந்தார். மாடிப்படி இறங்கி ஏறும் நேரம் அதில் இல்லை.

"அத்தை," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கொக்கி என் தோள்ல இருக்கு."

அத்தை நடுப்பொத்தானை ஒருமுறை அழுத்தினார். அந்த அமைதியில், துண்டுக்கு அடியிலிருந்து, பந்தயம் முடிந்ததும் வரும் பீப்பி இசை குதூகலமாகப் புறப்பட்டது.

அவன் மெஷினை வெளியே எடுத்தான். இவ்வளவு நேரம் இங்கே அழுத்திய அழுத்தலுக்கெல்லாம் பையின் இருட்டில் ஒரு முழுப் பந்தயம் நடந்து முடிந்திருந்தது. திரையில் முடிவுப் பட்டியல். எல்லாருக்கும் கீழே, பெரிய எழுத்தில்:

'அத்தையை வென்றவன் – கடைசி இடம்.'

முதலில் சிரித்தது மனைவி. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு டாக்டரம்மா. பிறகு கிடங்கு மொத்தமும். "சார்ஜ் இல்லன்னீங்களே!" என்று மனைவி நடுவில் மூச்சுவாங்கிக்கொண்டு கேட்டாள்.

அத்தை சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தப் பெயரை நிதானமாகப் படித்தார்.

"எப்ப மாப்பிள்ளை?"

"இன்னும் இல்ல அத்தை."

"சரி. அணைங்க."

அவன் தூங்கப் போடவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து, திரை கறுத்து, அதன் பின்னும் கொஞ்ச நேரம் பிடித்து, உயிர் போனதை உறுதிசெய்தான். அத்தை நடுப்பொத்தானை அழுத்தினார். விளக்கு மினுக்கியது. தேடியது. நேற்றைய வீடு பூட்டியிருந்ததால் பழைய வீட்டுக்குத் திரும்பியது. மர நாற்காலிமேல் இருந்த மெஷின் 'டிங்' என்றது: 'இணைக்கப்பட்டது.'

நடுவர் குவளையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். அடி காய்ந்துபோயிருந்தது. அந்த மனிதர் வெகுநேரமாகக் காலிக் குவளையைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். "விதி விதிதான்" என்று முணுமுணுத்து விசிலை ஊதினார்.

பந்தயத்தை அவன் உட்கார்ந்து பார்க்கவில்லை. நின்றான். மூலையில் மைக்ரோவேவ் பிளக்கைத் திரும்பச் செருகப் போனவன், செருக மறந்து அதைக் கையிலேயே வைத்திருந்தான். டாக்டரம்மா உண்மையிலேயே மின்னல்தான். கிளம்பிய வேகத்தில் கார் முன்னே பறந்தது, வளைவுகளில் விரல்கள் படபடவென்று அடித்துத் திருப்பின. அத்தை படபடக்கவில்லை. வளைவு வருவதற்கு முன்பே உள்ளங்கையால் குமிழைத் தொட்டு, காரின் பின்பாகத்தை ஆடவிட்டு, அந்த ஆட்டம் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் கையைக் கொண்டுபோய் அதைப் பிடித்தார். தொங்கும் உத்தரம் ஆடும்போது கொக்கியை அதன் பின்னாலேயே கொண்டுபோய் ஆட்டத்தை அடக்குவார்களே, அது. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி குறைந்தது. குமிழ் இம்மியும் வழுக்கவில்லை. இளக்கம் சரியாக இருந்தது. பிடிமானமும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற பாப்கார்ன்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவர் கோபத்தை மறந்து பிடிக்கக் கொடுத்தார்.

கடைசி வளைவில் டாக்டரம்மா அவசரப்பட்டுத் திருப்பினார். வால் ஆடியது. அடக்க ஒரு விரல் அதிகம் அடித்தார், கார் வெளிப்பக்கம் ஒதுங்கி உள்பக்கம் வழி விட்டது. அந்த வழியாக அத்தையின் கார், உத்தரம் லாரியில் உட்காருவதுபோலச் சத்தமில்லாமல் உள்ளே வந்து, மூக்கை நீட்டிக் கோட்டைத் தொட்டது.

கிடங்கு கூரையைப் பிய்த்தது. அத்தை டாக்டரம்மாவின் கையைப் பிடித்து, "என்ன டாக்டர், பேச்சே காணோம்? மரத்துப் போச்சா?" என்றார்.

"முழுசா," என்றார் டாக்டரம்மா. தாடையைத் தடவிக்கொண்டே அவரைக் கட்டிக்கொண்டார். "அந்தக் குமிழ் எங்கம்மா வாங்கினீங்க?"

கோப்பையைக் கொடுத்து மைக்கை நீட்டினார்கள். அத்தைக்கு மைக் பழக்கமில்லை. அதை ரிமோட் பெட்டிபோல இடுப்பருகே பிடித்துக்கொண்டு பேசினார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது, குரல் அப்படி.

"இந்தக் குமிழ் கடையில கிடைக்காது. என் விரல் மடங்காதுன்னு என் மாப்பிள்ளை செஞ்சு கொடுத்தது. அதோ நிக்கறாரே, பிளக்கோட, அவர்தான். இன்னைக்கு என் கண்ட்ரோலரைச் சரிபண்ணதும் அவர்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "கெடுத்ததும் அவர்தான்."

கூடம் மறுபடி சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான், அசடு வழிய, பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. வாழ்நாளில் அவனை யாரும் மைக்கில் சொன்னதில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி, "உங்களைத்தானே சொல்றாங்க?" என்று கேட்டார். "எந்தப் பாதியைக் கேக்கறீங்க?" என்றான் அவன். பிறகு, "ரெண்டும் நான்தான்" என்றான். அப்போது அவன் நெஞ்சு விம்மியிருந்த அளவுக்குச் சட்டைப் பொத்தான்கள் தாங்கியது ஆச்சரியம்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனைவி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவ்வப்போது அவனைப் பார்த்து, "கடைசி இடம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டாள். அவன் தன் மெஷினை எடுத்துப் பெயர் மாற்றும் பக்கத்தைத் திறந்தான்.

எதிர் இருக்கையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "என்ன பண்றீங்க?"

"இந்தப் பேரை எடுத்துடறேன் அத்தை."

"எடுக்காதீங்க. நல்லா இருக்கு." கண்ட்ரோலரை அவன் பக்கம் நீட்டினார். "இதை உங்க மெஷின்ல சேருங்க. நான் மெஷின்ல இருக்கற பொடிக்குச்சியிலயே ஓட்டறேன். இப்பவாவது அந்தப் பேரை உண்மையாக்குங்க பாப்போம்."

அவனுக்கு ஒரே உற்சாகம். கையில் அத்தையின் குமிழ், அத்தையிடம் மடங்காத விரல். இதற்குமேல் என்ன வேண்டும்? இணைத்தான், விளக்கு நிலைத்தது, சரியான மெஷினில்தானா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டான்.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவன் கார் பள்ளத்தில் இருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை.